வாசலில் நிற்பவர்

கேள்வி: முறையாக விசா வாங்கிப் போனாலும் அமெரிக்க விமான நிலையத்தில் தனி அறையில் உட்காரவைத்து விசாரிக்கிறார்களாமே, ஏன்?
வாசகர், கும்பகோணம்

பதில்: விசா என்பது வாசல்வரை போகத்தான். உள்ளே விடுவதா, எத்தனை நாளைக்கு என்பதையெல்லாம் குடியேற்றச் சோதனையில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்ட விசாரணை. பெட்டியைக் குடைவார்கள், செல்போனையும் பார்ப்பார்கள். அதற்கு நீதிமன்ற ஆணை கேட்பதில்லை.

பெயர் ஒற்றுமையே போதும், மாட்டிக்கொள்ள. 2009 ஆகஸ்டில் நெவார்க்கில் ஷாருக் கானை உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான அவர் படத்தின் பெயர் 'மை நேம் இஸ் கான்' என்பது தனி வேடிக்கை! செனட்டர் எட்வர்ட் கென்னடியையே, கண்காணிப்புப் பட்டியலில் இருந்த ஒரு பெயரைச் சொல்லி, உள்ளூர் விமானங்களில் ஏறவிடாமல் தடுத்ததுண்டு. நெல்சன் மண்டேலா அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து விடுபட்டது 2008இல்தான், 90வது பிறந்தநாளை ஒட்டி. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நமக்கென்ன மானக்கேடு?

பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி இரண்டையும் தாளில் எடுத்துப் போவது நல்லது. கேட்டதற்கு மட்டும் பதில். "பேரனைப் பார்த்துக்கொள்ள" என்று வெள்ளந்தியாகச் சொன்னால், வேலைக்கு வந்ததாக அதிகாரி அர்த்தம் செய்துகொள்ளக்கூடும். பார்க்க வந்தோம் என்பதே உண்மை, அதுவே போதும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஊறுகாய், பொடி இருந்தால் மறைக்காதீர்கள். அபராதம் மறைத்ததற்குத்தான்.