புகழ்ச்சிக்குக் கூலி

வியாபாரத்தில் 'நஜ்ஷ்' செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டு, மெய்யாக வாங்க வந்தவரை ஏமாற்றுவதே நஜ்ஷ். பதுங்கிய வேட்டைப் பிராணியைக் கிளப்பிவிடுதல் என்பது அச்சொல்லின் மூலப்பொருள். சரக்கைப் பொய்யாகப் புகழ்வதையும் சட்ட அறிஞர்கள் இதில் சேர்த்துள்ளனர்.

இன்று வெள்ளிமலையில் இருக்கும் சகோதரி, பெருநாள் துணிக்காகக் கள்ளக்குறிச்சிவரை மலையிறங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு பெண்மணி புர்காவை உடுத்திக் காட்டி, "நானே வாங்கினேன், சாயம் போகவில்லை" என்கிறார். துணியோ கடைக்காரர் இலவசமாக அனுப்பியது. பேச்சுக்குப் பணமும் உண்டு. துணி நல்லதாகவே இருக்கட்டும், 'நானே வாங்கினேன்' என்றது பொய்தானே? கூலி வாங்கியது குற்றமல்ல. தரகுக் கூலி ஆகுமானதே. ஆனால் தரகரைத் தரகர் என்று அறிந்தே பேசுகிறோம். இவரையோ அக்காள் என்று நம்பிவிடுகிறோம்!

2023 ஜனவரியில் இந்திய அரசின் நுகர்வோர் துறையும் நெறிமுறை வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ தள்ளுபடியோ பெற்றிருந்தால், புகழும் அதே மொழியில் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் புகழ்ந்துவிட்டு மூலையில் பொடி ஆங்கிலத்தில் போட்டால் போதாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், புகழ்ந்தவருக்கும் சேர்த்து.

நம் வீட்டுப் பெண்கள் சிலரும் இத்தொழிலில் இருக்கிறார்கள். 'இது கடை தந்த துணி' என்று முதலிலேயே சொல்லட்டும். விற்பனை குறையுமே என்பீர்கள். குறையலாம்.