பட்டியலில் யார் பெயர்?

விவசாயிக்கு அரசு பல வகையில் உதவுகிறது. உரத்துக்கு மானியம் உண்டு. விதைக்கு மானியம் உண்டு. சில திட்டங்களில் பணமாகவே தருகிறது.

இது யாருடைய பணம்? மக்களின் வரிப் பணம். ஒரு சோப்பு வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறார். ஆகவே, பணம் யாருக்குப் போனது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

இந்த உரிமை எளிதில் கிடைக்கவில்லை. ராஜஸ்தான் மாநிலத்தில் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 1990-இல் ஒரு சங்கம் அமைத்தனர். அதன் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். அரசு வேலை செய்தவர்களுக்கு அங்கே முழுக் கூலி கிடைக்கவில்லை. கணக்கைக் கேட்டால் காட்ட மறுத்தார்கள்.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் மக்கள் கூடினர். அரசுக் கணக்கு எல்லோர் முன்பும் உரக்கப் படிக்கப்பட்டது. பிறகு பல ஊர்களிலும் இப்படிப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது. இறந்தவர் பெயரிலும் எழுதியிருந்தது. படித்ததும் பொய் வெளியே வந்தது.

1996-இல் பேவார் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. நாடு முழுவதும் குரல் எழுந்தது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

மானியம் பெற்றவர் யார்? எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது? இவற்றை, யாரும் கேட்காமலே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும். சட்டத்தின் 4-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. வெளியிடாவிட்டால் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மத்திய அரசு அலுவலகத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை.

இதன் பயன் என்ன? ஓர் உதாரணம் பார்க்கலாம். பி.எம். கிசான் திட்டம் 2019-இல் தொடங்கியது. சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் சேரும். வருமான வரி கட்டுபவருக்கு இந்தப் பணம் கிடையாது.

ஒருவர் மனுப் போட்டு இத்திட்டத்தின் கணக்கைக் கேட்டார். 2021-இல் பதில் வெளிவந்தது. தகுதி இல்லாத 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 1,364 கோடி ரூபாய் பெற்றிருந்தனர். அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள்!

இன்னொரு பக்கமும் உண்டு. தகுதி உள்ளவர் பெயர் விடுபட்டிருக்கலாம். ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறு பெயரும் இருந்தால் பணம் நின்றுவிடலாம். பட்டியலைப் பார்த்தால்தான் இது தெரியும்.

பி.எம். கிசான் பட்டியல் ஊர்வாரியாக இணையத்தில் இருக்கிறது. பொது சேவை மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லலாம். எழுத்துக் கற்றவர் தம் பெயரைத் தேடலாம். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாரின் பெயரையும் தேடித் தரலாம்.

பேசிப் பாருங்கள்

1. மானியப் பட்டியலை ஏன் எல்லோரும் பார்க்க வேண்டும்?
2. உங்கள் ஊர்ப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டுள்ளது?