மோசேயின் தாய்க்குக் கிடைத்த சம்பளம்

வாசிக்கவேண்டிய பகுதி: யாத்திராகமம் 2:1-10



நோயாளிகளின் படுக்கையருகே ஜெபிக்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற விண்ணப்பம் ஒன்றுண்டு. "ஐயா, என் உடம்பு தேறுமோ தேறாதோ தெரியவில்லை. இந்தப் பிள்ளையை ஏதாவது ஒரு ஹோமில் சேர்த்துவிடுங்கள்." பல ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கேட்ட ஒரு விதவைத் தாய்க்கு அன்றைக்கே சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். நல்ல காரியம் செய்தோம் என்று திருப்தியடைந்தோம். கர்த்தருடைய கிருபையால் அந்தத் தாய் சுகமடைந்தாள். ஆறு மாதம் கழித்து எங்களைத் தேடி வந்தாள். "ஐயா, பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேட்டாள். அந்த இரண்டாம் கடிதத்தைப் பற்றி நாங்கள் அதுவரை நினைக்கவேயில்லை. பிள்ளை அவளோடு வீடு வந்து சேர மேலும் பல மாதங்கள் ஆயின.

ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் ஊழியத்தில் இந்த இரண்டு கடிதங்களும் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பெரிய கிறிஸ்தவ தர்ம ஸ்தாபனத்தின் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது. அது இங்கிலாந்து தேசத்தில் டாக்டர் பர்னார்டோ தொடங்கிய ஊழியம்.

திறந்த கதவு

தாமஸ் ஜான் பர்னார்டோ 1845இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். வாலிப வயதில் மனந்திரும்பி, சீன தேசத்துக்கு மிஷனெரியாகப் போகத் தீர்மானித்தார். அதற்காக மருத்துவம் கற்க 1866இல் லண்டனுக்கு வந்தார். அந்த ஆண்டு கிழக்கு லண்டனில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. தெருவில் விடப்பட்ட பிள்ளைகளுக்காக அவர் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். ஓர் இரவு ஜிம் ஜார்விஸ் என்னும் சிறுவன் பள்ளி முடிந்தும் போகாமல் நின்றான். போக அவனுக்கு வீடில்லை. தன்னைப்போலக் கூரைகளின்மேல் குளிரில் தூங்கும் பிள்ளைகளை அவன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சீனாவுக்குப் போகவேண்டியவர் லண்டனிலேயே தங்கிவிட்டார்.

1870இல் ஸ்டெப்னி காஸ்வே என்னும் இடத்தில் பையன்களுக்கான முதல் இல்லத்தைத் திறந்தார். ஒரு நாள் 'கேரட்' என்று செல்லப்பெயர் கொண்ட 11 வயது ஜான் சாமர்ஸ் இடம் கேட்டு வந்தான். இல்லம் நிறைந்திருந்ததால் அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சில நாட்களில் பசியினாலும் குளிரினாலும் அவன் இறந்து கிடந்தான். அதுமுதல், ஆதரவற்ற எந்தப் பிள்ளைக்கும் இங்கே இடம் மறுக்கப்படுவதில்லை என்று வாசலில் எழுதி வைத்தார்கள். பர்னார்டோ 1905இல் மரித்தபோது 96 இல்லங்களில் 8,500க்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தார்கள்.

குடும்பத்தின் சாயல்

பிள்ளைகளைப் பெரிய கூடங்களில் கூட்டமாக அடைத்து வளர்ப்பது நல்லதல்ல என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். ஆகவே 1876இல் பார்க்கிங்சைட் என்னும் ஊரில் பெண்பிள்ளைகளுக்காகச் சிறு சிறு வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தைத் திறந்தார். வீட்டுக்கு ஒரு 'அம்மா' இருந்தார்கள். 1900இல் அங்கே 65 வீடுகளும், பள்ளியும், மருத்துவமனையும், ஆலயமும் இருந்தன. 1,500 பெண்பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிற்பாடு கிராமப்புறக் குடும்பங்களில் பிள்ளைகளை ஒப்படைத்து, அவர்கள் செலவுக்குப் பணம் கொடுத்தும் வளர்த்தார்கள்.

இன்னொரு திட்டம் நம் கவனத்துக்குரியது. மணமாகாத தாய்மார் பக்கத்திலேயே வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் குழந்தை இன்னொரு வீட்டில் வளர்க்கப்பட்டது. தாய் உழைத்தாள், குழந்தை பிழைத்தது, உறவும் அறுபடவில்லை.

அறுந்த கயிறு

ஆனாலும் இந்தச் சரித்திரத்தின் மறுபக்கத்தை மறைக்கலாகாது. பரிசுத்த வேதாகமமும் தாவீதின் பாவத்தை மறைக்கவில்லையே.

குடிகாரரும் கொடியவருமான பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்ற வைராக்கியத்தில், பர்னார்டோ சில பிள்ளைகளைச் சட்டத்துக்குப் புறம்பாகவே எடுத்து வைத்துக்கொண்டார். அதைத் தர்மத்துக்காகச் செய்த கடத்தல் என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நியாயப்படுத்தினார். ஒரு கத்தோலிக்க ஏழைத் தாய், தன் மகனைத் தன் சபையாரிடம் ஒப்படைக்கும்படி கேட்ட வழக்கு 1891இல் பிரபுக்கள் சபைவரைக்கும் போயிற்று. அங்கே தீர்ப்பு தாயின் பக்கமே கிடைத்தது.

1882முதல் கனடாவுக்குப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். காலப்போக்கில் சுமார் 30,000 பேர் இப்படிப் போனார்கள். புது தேசம், நல்ல காற்று, பண்ணையில் வேலை என்று எண்ணியே அனுப்பினார்கள். சிலர் நன்றாக வாழ்ந்தார்கள். சிலர் கூலியாட்களைப்போல நடத்தப்பட்டு, அன்பின்றி வளர்ந்தார்கள். எல்லாரும் அனாதைகள் அல்லர். பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள். பிள்ளை கப்பலேறிய பின்புதான் சில பெற்றோருக்குச் செய்தி போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். அது 1960களின் பிற்பகுதிவரை நடந்தது. வேறு பல ஸ்தாபனங்களும் சபைகளும் இதைச் செய்தன; அரசாங்கமும் துணை நின்றது. இப்படி அனுப்பப்பட்டவர்களிடம் ஆஸ்திரேலியப் பிரதமர் 2009இலும் பிரிட்டிஷ் பிரதமர் 2010இலும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

காணிக்கை கொடுப்போர் அறியவேண்டிய இன்னொரு காரியமும் உண்டு. பர்னார்டோ 1870களில் 'முன்பு, பின்பு' என்று பிள்ளைகளின் புகைப்படங்களை அட்டைகளாக விற்றுப் பணம் சேர்த்தார். முதல் படத்தில் கந்தல். இரண்டாம் படத்தில் புது உடை. பரிதாபம் கூடும்படி படங்கள் ஜோடிக்கப்பட்டன என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1877இல் விசாரித்த நடுவர்கள் அவரைப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தாலும், இந்தப் பழக்கத்தைக் கண்டித்தார்கள். அவரும் அதை விட்டுவிட்டார். பொய்யான கந்தலைக் காட்டித்தான் இரக்கத்தை எழுப்ப வேண்டுமென்றால், அந்த இரக்கத்துக்கு அஸ்திபாரம் எங்கே?

திரும்பிய பாதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பிள்ளைகள் பராமரிப்பைப் பற்றிய எண்ணம் மாறியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் வீடற்ற பிள்ளைகளின் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளின்மேல் வைத்தது. பர்னார்டோ ஸ்தாபனமும் மனம் மாறியது. 1966இல் தன் பெயரிலிருந்து 'இல்லங்கள்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. பெரிய இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வளர்ப்புக் குடும்பங்கள், தத்து, உடல் ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவி, வறுமையில் தவிக்கும் குடும்பங்களுக்குத் துணை என்று ஊழியத்தின் பாதை திரும்பியது. நம் தேசத்தின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது.

வேதம் கற்பிக்கும் பாடம்

இப்பொழுது யாத்திராகமத்துக்கு வருவோம். நாணற்பெட்டியில் அழுத குழந்தையைக் கண்டு பார்வோனின் குமாரத்தி இரங்கினாள். அவளுக்கு அரண்மனை இருந்தது, தாதிமாரும் இருந்தார்கள். குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கரையில் காத்துநின்ற அக்காள் ஒரு யோசனை சொன்னாள். அதனால் குழந்தை தன் சொந்தத் தாயின் கைக்கே வந்தது. தன் பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்குத் தாய்க்குச் சம்பளமும் கிடைத்தது! இளவரசி அறியாமலே நடந்ததானாலும், கர்த்தருடைய ஞானம் அதில் விளங்குகிறது. காப்பாற்றிய கையும் பெற்ற கையும் சேர்ந்தே அந்தப் பிள்ளையை வளர்த்தன.

மெய்யாகவே ஒருவருமில்லாத பிள்ளைகள் இன்றும் உண்டு. வீட்டிலேயே ஆபத்துக்குள்ளாகும் பிள்ளைகளும் உண்டு. 'கேரட்'டைப்போல அவர்களை நாம் வாசலிலிருந்து திருப்பியனுப்பக்கூடாது. ஆனால் பிரச்சினை வறுமை மாத்திரமே என்றால், பிள்ளையைப் பிரித்தெடுப்பது அதற்கு மருந்தல்ல. வாடகைக்கு உதவுவது, தாய்க்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கித் தருவது, அவள் சுகமாகும்வரை பாட்டியின் வீட்டில் அரிசிக்கு வழி செய்வது: இவைகளே மோசேயின் தாய்க்குக் கிடைத்த சம்பளம். இவைகளைப் புகைப்படம் எடுத்துக் காட்ட முடியாது. ஆகையால்தான் இவற்றுக்குக் கொடுக்கிறவர்கள் குறைவு.

சிந்தித்து ஜெபிக்க

1. நாம் உதவி செய்கிற பிள்ளையின் தாய் தகப்பனைப் பற்றி என்றாவது விசாரித்திருக்கிறோமா?
2. நம் காணிக்கை அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கிட்டச் சேர்க்கிறதா, தூர விலக்குகிறதா?
3. நம் சபையில் ஒரு விதவையோ நோயாளியோ பிள்ளையை விட்டுப் பிரியாமலிருக்க, இந்த மாதம் நாம் செய்யக்கூடியது என்ன?

பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த இரட்சகர், அவர்களைக் கொண்டுவந்த கைகளையும் கனப்படுத்த நமக்குக் கற்பிப்பாராக. ஆமென்.