மகளிடம் எப்போது சொல்வது?

கேள்வி: எங்கள் மகளை ஒன்பது மாதக் குழந்தையாகச் சட்டப்படி தத்தெடுத்தோம். இப்போது ஏழு வயது. பள்ளியில் ‘என் குடும்பம்’ ஆல்பம் ஒட்டச் சொன்னார்கள். “அம்மா, நான் உன் வயித்துல இருந்தப்ப எடுத்த போட்டோ எங்க?” என்றாள். “பழைய போன் தொலைஞ்சு போச்சு” என்று சமாளித்துவிட்டேன். “அவ கல்யாணம் வரைக்கும் மூச்சு விடக் கூடாது” என்கிறார் மாமியார். என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: சொல்லிவிடுங்கள், இந்த வாரமே.

பேத்தியை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் மாமியார் அப்படிப் பேசுகிறார். ஆனால் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரிந்தது அவளுக்கு மட்டும் எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? ஏதோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ வாய்தவறிச் சொல்லித் தெரிந்தால், நீங்கள் மறைத்ததுதான் அவளை அதிகம் வதைக்கும். அப்படித் தெரிந்துகொண்டு என்னிடம் வரும் இளைஞர்கள் பெற்றவளைப் பற்றிக் கேட்பதைவிட, “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பெரிய செய்திபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்காரவைக்க வேண்டாம். தலை பின்னிவிடும்போது சொல்லலாம். “நீ வேற ஒரு அம்மா வயித்துல பொறந்த கண்ணு. அப்பாவும் நானும் குழந்தைக்காகக் காத்திருந்தோம். உன்னைக் கூட்டிட்டு வந்தோம். போன் தொலையல, சொல்லப் பயந்துட்டேன்.” இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘தூக்கிப் போட்டுட்டாங்க’ என்றோ ‘நாங்கதான் காப்பாத்தினோம்’ என்றோ சொல்லிவிடாதீர்கள். முன்னது அவள் பிறப்பையே அவமானமாக்கும், பின்னது ஆயுளுக்கும் அவளைக் கடனாளியாக்கும். பெற்றவள் ஏன் வளர்க்கவில்லை என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்குக் கதை கட்டாதீர்கள்.

இது ஒரே நாளில் முடிகிற பேச்சில்லை. இன்னொரு அம்மாவை இழந்துதான் இந்த அம்மா கிடைத்தாள் என்பது ஏறக்குறைய இந்த வயதில்தான் பிள்ளைகளுக்கு உறைக்கத் தொடங்கும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கி 1980களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். அவள் அழலாம், சில நாள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். உங்களை வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தத்து ஆணையையும் மற்ற ஆவணங்களையும் பத்திரமாக வையுங்கள். 2022-ம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, 18 வயதானதும் தன் பிறப்புப் பின்னணியைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் உங்களோடு சேர்ந்து. அவளுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று எண்ணித்தான் விதியே எழுதப்பட்டிருக்கிறது.

மாமியாரிடம் உங்கள் கணவர் முன்கூட்டியே பேசட்டும். தயக்கம் இருந்தால், தத்து கொடுத்த மையத்தின் சமூகப் பணியாளரை அழையுங்கள். தத்தெடுத்த பிறகும் ஆலோசனை தருவது அவர்கள் பொறுப்பு. மகளிடம் மட்டும் ‘வெளியில் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்காதீர்கள். யாரிடம் சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.