பாடசாலைப் பிள்ளையின் உணவுப் பெட்டி

க.பொ.த. (சாதாரண தரம்) – மனைப்பொருளியல்
அலகு: உணவுத் திட்டமிடல்



"பாடசாலை செல்லும் பிள்ளைக்கு ஏற்ற உணவொன்றைத் திட்டமிடுக" என்றதும் பலர் முட்டை, பால், இறைச்சி, அப்பிள் என விலை கூடிய உணவுகளை வரிசையாக எழுதிவிடுவார்கள். காரணம் கேட்டால் "சத்து நிறைந்தது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இது முழுமையான விடையாகாது. எந்த உணவுடன் எந்த உணவைச் சேர்த்தால் உடல் அதிக பயன் பெறும் என்பதை அறிந்து எழுதுவதே சிறந்த விடையாகும்.

வீட்டிலும் இவ்வறிவு பயன்படும். 2022 இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. முட்டையும் பால்மாவும் பல குடும்பங்களுக்கு எட்டாத பொருள்களாயின. அத்தகைய நிலையிலும் பிள்ளையின் உணவுப் பெட்டியைப் போசணை உள்ளதாக வைத்திருக்க முடியும்.

1. இடைவேளை உணவின் முக்கியத்துவம்

எமது பாடசாலைகள் பொதுவாகக் காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை நடைபெறும். காலையில் அவசரமாக ஒரு தேநீருடன் வரும் பிள்ளைக்கு இடைவேளை உணவே அன்றைய முதல் உணவாகும். அது போதாவிடின் பிற்பகுதிப் பாடங்களில் களைப்பும் கவனக் குறைவும் ஏற்படும். வளரிளம் பருவத்தில் வளர்ச்சி வேகமானது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயினால் இரும்புச்சத்து இழப்பும் ஏற்படுகிறது. இக்காரணங்களால் இவ்வயதினர் குருதிச்சோகைக்கு இலகுவில் உள்ளாவர். 12 – 14 வயதினரில் குருதியின் ஈமோகுளோபின் அளவு டெசிலீற்றருக்கு 12 கிராமிலும் குறைந்தால் அது குருதிச்சோகை எனக் கொள்ளப்படும்.

2. சேர்த்து உண்ண வேண்டியவை

(அ) தானியம் + பருப்பு வகை
அரிசிப் புரதத்தில் இலைசீன் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு, கடலை, கௌபி ஆகியவற்றில் அது போதிய அளவு உண்டு; ஆனால் மெதியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. சோறும் பருப்பும், பிட்டும் பயறும், உழுந்தும் அரிசியும் சேர்ந்த தோசை ஆகியன எமது முன்னோர் வழங்கிய சிறந்த சேர்க்கைகளாகும்.

(ஆ) இலைக்கறி, பருப்பு + விற்றமின் சி
தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைந்த அளவே அகத்துறிஞ்சும். விற்றமின் சி உடன் இருந்தால் அகத்துறிஞ்சல் அதிகரிக்கும். தேசிப்புளி, கொய்யா, பெருநெல்லி, பப்பாசி என்பன இதற்கு உதவும். விற்றமின் சி வெப்பத்தால் அழியும். எனவே தேசிப்புளியைச் சமைக்கும்போது விடாது, அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்க வேண்டும். ஒரு துண்டுத் தேசிக்காயைப் பெட்டியில் வைத்து, உண்ணும் வேளையில் பிழிவது மேலும் நன்று.

(இ) இலைக்கறி + தேங்காய்
இலைக்கறியிலுள்ள கரோட்டினை உடல் பெறுவதற்குச் சிறிதளவு கொழுப்பு தேவை. வறையில் சேர்க்கும் தேங்காய்ப்பூ இத்தேவையை நிறைவு செய்கிறது.

3. சேர்த்து உண்ணக் கூடாதது

தேநீரிலுள்ள தனின் போன்ற பொருள்கள் இரும்பின் அகத்துறிஞ்சலைத் தடுக்கும். உணவுடனோ உண்டவுடனோ தேநீர் அருந்தாது, ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட வேண்டும். பாடசாலைக்குக் கொதித்தாறிய நீரே சிறந்த பானம்.

4. ஐந்து நாள் திட்டம்

திங்கள்: சிவப்பரிசி மாப் பிட்டு, அவித்த பயறு, வாழைப்பழம்
செவ்வாய்: சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, நெத்தலிப் பொரியல், தேசிக்காய்த் துண்டு
புதன்: குரக்கன் ரொட்டி, கடலைக் கறி, கொய்யாப்பழம்
வியாழன்: சோறு, சோயாக் கறி, பொன்னாங்காணி வறை, தேசிக்காய்த் துண்டு
வெள்ளி: உழுந்துத் தோசை, இடிசம்பல், பப்பாசித் துண்டுகள்

சிற்றுண்டிக்கு அவித்த கௌபி, எள்ளுருண்டை, வேர்க்கடலை, அவித்த வற்றாளைக் கிழங்கு, புழுக்கொடியல் என்பவற்றைக் கொடுக்கலாம். ரோல்ஸ், பற்றீஸ் போன்ற பொரித்த உணவுகளில் கொழுப்பு அதிகம். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி சக்தியைத் தரும். ஒரு கிராம் மாப்பொருளோ புரதமோ தருவது 4 கிலோ கலோரி மட்டுமே. இனிப்புப் பானம் வாங்க நேர்ந்தால் போத்தலிலுள்ள நிறக் குறியீட்டைப் பாருங்கள். 2016 இல் இலங்கையில் அறிமுகமான இம்முறையில் சிவப்பு நிறம் சீனி அதிகம் என்பதையும், செம்மஞ்சள் நடுத்தரம் என்பதையும், பச்சை குறைவு என்பதையும் குறிக்கும்.

5. பழுதடையாமற் காத்தல்

5 இற்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகும். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் பற்றீரியாவின் வித்திகள் சமைத்த பின்னும் உயிர்வாழும். அது உண்டாக்கும் நஞ்சு மீளச் சூடாக்கினாலும் அழியாமலிருக்கலாம். ஆகவே,

• முதல்நாட் சோற்றைக் கட்டிக் கொடுக்காது அன்று காலையிலேயே சமைக்கவும்.
• தேங்காய்ப்பால் விட்ட கறி, பச்சைத் தேங்காய்ச் சம்பல் என்பவற்றைத் தவிர்த்து, வறை, பொரியல், இடிசம்பல் போன்றவற்றை வைக்கவும்.
• சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி அடங்கிய பின் மூடவும்.
• பெட்டியை வெயில் படாத இடத்தில் வைக்கவும்.
• மிஞ்சிய உணவை மாலைக்கென வைத்து உண்ண வேண்டாம்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: தரம் 8 இல் கற்கும் மாணவி ஒருத்தி நாளும் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டு வருகிறாள். உண்டவுடன் தேநீர் அருந்துகிறாள். அடிக்கடி களைப்படைகிறாள்.
(i) இவ்வுணவிலுள்ள குறைபாடுகள் இரண்டு தருக.
(ii) செலவு குறைந்த மாற்றங்கள் இரண்டைக் காரணத்துடன் கூறுக.
(iii) தேநீர்ப் பழக்கம் பற்றி யாது கூறுவீர்?

விடை:
(i) சோறும் கிழங்கும் மாப்பொருளே; புரதம் போதாது. இரும்புச்சத்தும் குறைவு.
(ii) கிழங்குக்குப் பதிலாகப் பருப்பைச் சேர்த்தல். அரிசிப் புரதத்தின் குறை நிரம்பும். வீட்டு முருங்கையிலையை வறையாக்கித் தேசிப்புளியுடன் உண்ணல். இரும்பின் அகத்துறிஞ்சல் கூடும்.
(iii) உணவின் பின் ஒரு மணித்தியாலம் கழித்தே தேநீர் அருந்த வேண்டும்.

குறிப்பு: களைப்பு ஓர் அறிகுறி மாத்திரமே. குருதிச்சோகையைக் குருதிப் பரிசோதனையாலேயே உறுதிப்படுத்தலாம். உங்கள் வகுப்பில் இத்தகைய நண்பி இருந்தால் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தெரிவியுங்கள்.

செயற்பாடு: இவ்வாரம் உங்கள் உணவுப் பெட்டியில் இருந்தவற்றை நாள்தோறும் எழுதுங்கள். பகுதி 2 இலுள்ள சேர்க்கைகளுள் எவை இடம்பெற்றன எனக் குறித்து, இடம்பெறாததை அடுத்த வாரம் சேர்ப்பதற்கு அம்மாவுடன் சேர்ந்து திட்டமிடுங்கள்.