தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும்

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி ஓடும்போது, தண்ணீர் கெட்டுவிட்டது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மீன் தொட்டியில் அப்படிக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. மீனைக் கொல்லும் அளவிலும் வாடை தெரியாது. பளிங்குபோன்ற தண்ணீரில் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால், முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இயங்கும் பாரூரைச் சுற்றியும் தண்ணீரைச் சோதிப்பது அவசியம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கூடியது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் நச்சு வடிவம் சுமார் 10 மடங்காகிவிடும்.

‘மாதம் ஒருமுறை மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் சுத்தம்’ என்பது அதிக மீன்களைப் பலிவாங்கும் நம்பிக்கை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நச்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அத்தனையும் வீண். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரும் குளோரின் சேர்த்தே வருகிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசுங்கள். வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் கலந்து ஊற்றுங்கள்.

‘குறைந்ததை நிரப்பினால் மாற்றியதுபோலத்தான்’ என்பார்கள். இல்லவே இல்லை. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கும். கண்ணாடி விளிம்பில் நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைக் கோடு அந்த உப்புதான். மேலும் மேலும் போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது கூடும். பல மாதம் கழித்து ஒரேநாளில் பெரும்பகுதியை மாற்றும்போது, உப்பளவு சட்டென்று மாறி மீன்கள் சுருண்டுவிடும்.

ஆர்.ஓ. தண்ணீர்தான் மீனுக்கு உகந்தது என்பதும் தவறு. தாதுக்களை நீக்கிய அந்தத் தண்ணீரில் பி.எச். நிலைக்காது. கப்பியும் மோலியும் கடின நீரில் நன்றாகவே வளரும். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு வேண்டுமானால் போர் தண்ணீரோடு அதைக் கலந்து, கடினத்தன்மையைப் பார்த்து ஊற்றலாம்.