அஞ்சும் கை ஏந்தும் கத்தி

இலண்டன் மாநகரின் கிழக்கே ஒயிட்சாப்பலில் இருக்கும் ராயல் லண்டன் மருத்துவமனைக்கு, 2004ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை கத்திக்குத்துக் காயத்தோடு கொண்டுவரப்பட்ட இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் 1,824 பேரின் விவரங்களை அங்குள்ள இரண சிகிச்சை நிபுணர்கள் ஒருங்கே வைத்து ஆராய்ந்து, 2018இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கத்திக்குத்து என்ற சொல்லைக் கேட்டவுடன் நள்ளிரவும், மதுக்கடை வாசலும், கொடிய முகமும் நம் மனத்தில் தோன்றுவது வழக்கம். ஆனால் பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகள் மிகுதியாகக் குத்துப்பட்டது, பள்ளி நடக்கும் நாட்களில், மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில். புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாய் சமைத்து வைத்திருக்கும் வீட்டை நோக்கி நடந்து வருகிற அந்தச் சிறு பொழுதில், அவர்கள் நன்கறிந்த தெருக்களிலேயே அது நேர்ந்தது. எல்லாப் பள்ளிகளையும் ஒரே வேளையில் விடாமல் சற்று முன்பின்னாக விட்டால் என்ன என்று அந்த மருத்துவர்கள் யோசனை கூறினார்கள். இத்தனை எளிய யோசனை அதுவரை ஒருவருக்கும் தோன்றாமற் போனதற்குக் காரணம், நாம் அனைவரும் நள்ளிரவையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்த விஷயத்தில் பெரியவர்களிடம் பிழையான நம்பிக்கைகள் பல உண்டு; அவற்றுக்குப் பின்னர் வருவேன். முதலில் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் நம்பிக்கையை, ஏனெனில் உயிரைக் குடிப்பது அதுதான். கத்தி கையிலிருந்தால் பிறர் நம்மை அணுகமாட்டார்கள், அது ஒரு காப்பு என்று பதினான்கு வயதுப் பையன் நினைக்கிறான். அதோடு, தொடையிலோ பிட்டத்திலோ குத்தினால் எச்சரித்ததாக இருக்கும், ஆள் சாகமாட்டான் என்றும் இவர்களிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. தொடையின் உட்புறத்தில் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய தமனி ஓடுகிறது. அது அறுபட்டால், ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள், சில நிமிஷங்களிலேயே உயிர் பிரிந்துவிடக்கூடும். எச்சரிக்கை செய்ய எண்ணிய பையன் கொலையாளி ஆகிறான். இரு குடும்பங்கள் ஒரே மாலையில் பிள்ளையை இழக்கின்றன. அதே ராயல் லண்டன் மருத்துவமனையின் இரண சிகிச்சை நிபுணர் மார்ட்டின் கிரிஃபித்ஸ் போன்றவர்கள், கத்தியால் குத்துவதற்கு ஆபத்தில்லாத இடமென்று மனித உடலில் எதுவும் இல்லை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல முற்பட்டது இதனால்தான்.

காப்பு என்ற நம்பிக்கை எதனால் உண்டாகிறது? எல்லோரும் கத்தி வைத்திருக்கிறார்கள் என்ற மற்றொரு நம்பிக்கையால். உண்மையில் பெரும்பாலான பிள்ளைகள் கத்தியைத் தொடுவதே இல்லை. எடுத்துச் செல்வோர் சிறுபான்மையினரே. ஆயினும் செய்தித்தாள்களும் காவல் துறையும் கைப்பற்றிய வாள்களையும் அரிவாள்களையும் மேஜைமீது வரிசையாகப் பரப்பிப் படம்பிடித்து வெளியிடுகையில், அதைப் பார்க்கும் சிறுவனின் நெஞ்சில் சட்டத்தின் வலிமை பதிவதில்லை. தன் நிராயுதபாணித்தனமே பதிகிறது. 2019 ஆகஸ்டில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம், கத்தி ஏந்தாதீர்கள் என்ற பிரசாரத்தை அச்சிட்ட 321,000 பெட்டிகளைக் கோழி வறுவல் விற்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு அனுப்பியது. கறுப்பின இளைஞர்கள் அந்தக் கடைகளையே நாடுவார்கள் என்ற முன்முடிவோடு அவர்களைக் குறிவைத்ததாக அது கண்டனத்துக்குள்ளாயிற்று, அக்கண்டனம் நியாயமானதே. எனக்கோ அதைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறொன்று: மாலையில் நண்பர்களோடு உட்கார்ந்து உண்ணும் உணவின் மேலும் கத்தியின் நினைவை ஒட்டி அனுப்பினால், பயந்த பிள்ளையின் பயம் எப்படித் தணியும்?

காவல் நிலையத்துக் கணக்கே முழுக் கணக்கு என்பதும் சரியல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல் துறை பதிவுசெய்யும் கத்திக் குற்றங்கள் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம். ஆனால் குத்துப்பட்டவர் பலர் காவலரிடம் வாய் திறப்பதில்லை. வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற தாடை, முக இரண சிகிச்சைப் பேராசிரியர், தாம் தைத்துவிடும் முகங்களில் மிகப் பல காவல் துறையின் ஏடுகளில் இடம்பெறவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். எந்தத் தெருவில், எந்தக் கடையில், எந்நேரத்தில், எந்த ஆயுதத்தால் என்ற விவரங்களை, அடிபட்டவர் பெயரை மறைத்து, மருத்துவமனை வரவேற்பு மேஜையிலேயே எழுதிக் காவலருக்கும் நகராட்சிக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டபோது, வன்முறைக் காயத்துக்காகக் கார்டிஃப் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் தொகை 42 சதவிகிதம் குறைந்திருந்ததாக 2011இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. புதிய சட்டம் ஒன்றும் இதற்குத் தேவைப்படவில்லை.

கத்திக்குத்து இன்ன நிறத்தவரின், இன்ன தேசத்திலிருந்து வந்தவரின் வியாதி என்று பேசுவோர் பலர். இலண்டனில் கறுப்பின இளைஞர்கள் அவர்களுடைய ஜனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் கத்திக்குப் பலியாகிறார்கள் என்பது துயரமான உண்மை. அதை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. ஆனால் காரணத்தைத் தோலில் தேடுகிறவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். 1920களிலும் 1930களிலும் அங்கே சவரக் கத்தியால் ஒருவர் முகத்தை ஒருவர் கீறிக்கொண்ட கூட்டங்கள் வெள்ளை இளைஞர்களின் கூட்டங்களே. அவர்களை அடக்கவே 1931இல் பெர்ஸி சில்லிட்டோ அந்நகரத்துக் காவல் தலைவராக வந்தார். 1968இல் ஃபிராங்கி வான் என்ற புகழ்பெற்ற பாடகர் அந்நகரின் ஈஸ்டர்ஹவுஸ் குடியிருப்புக்குச் சென்று வேண்டிக்கொண்டதன்பேரில், அங்கிருந்த கூட்டத்தார் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். ஆயினும் அடுத்த தலைமுறை மீண்டும் கத்தியை எடுத்தது. வேலையற்ற தந்தையரும், குடியும், தெருவுக்கு ஒரு கூட்டமும் அப்படியே இருந்தபோது, இரும்பைக் களைந்தால் மட்டும் போதவில்லை. நம்மவரும் இதற்கு விலக்கல்லர். 1990களின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் இலண்டனிலும் டொராண்டோவிலும் ஈழத்திலிருந்து வந்த தமிழ் இளைஞரின் குழுக்கள் வெட்டிக்கொண்டும் குத்திக்கொண்டும் திரிந்ததையும், போரிலிருந்து பிழைத்து வந்த பிள்ளைகள் அந்நிய நகரத்தின் நடைபாதைகளில் மாண்டதையும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. அதைத் தமிழரின் சுபாவம் என்று யாரேனும் கூறியிருந்தால் நாம் ஒப்புக்கொண்டிருப்போமா?

தண்டனையைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு வருவோம். சட்டம் மெத்தனமாக இருக்கிறது, கடுமையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சாரார். சட்டமே வேண்டாம், அன்பு போதும் என்று மறுசாரார். பொது இடத்தில் காரணமின்றிக் கத்தி வைத்திருப்பதற்கு இங்கிலாந்தில் நான்காண்டுவரை சிறை உண்டு. 2015 முதல், இரண்டாம் முறை பிடிபடுவோருக்குச் சிறைவாசம் பெரும்பாலும் கட்டாயம். அவ்வளவு இருந்தும் 2017-18இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கத்தியால் மாண்டவர்கள் 285 பேர். அங்கே கணக்கு எடுக்கத் தொடங்கிய 1946க்குப் பின் அதுவரை காணாத தொகை அது. தான் இன்று மாலை வீடு சேர்வேனா என்று அஞ்சுகிற சிறுவன், நான்காண்டுக்குப் பிறகு நடப்பதைக் கணக்குப் பார்ப்பதில்லை.

வழியில் நிறுத்திச் சோதனையிடுவதும் அப்படியே. தக்க சந்தேகத்தின் பேரில், தக்க இடத்தில், மரியாதையோடு செய்யும் சோதனை கத்தியைக் கண்டெடுக்கும். அதை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதிகம் நிறுத்தினால் அதிகம் அடங்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. 2008இல் இலண்டனில் தொடங்கிய 'பிளண்ட் 2' என்ற நடவடிக்கையில் சில வட்டாரங்களில் சோதனைகள் பன்மடங்கு பெருக்கப்பட்டன. பின்னர் உள்துறை அமைச்சகமே நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வட்டாரங்களில் குற்றம் அதனால் குறைந்ததற்கு அடையாளம் காணவில்லை. கண்டபடி நிறுத்துவதன் விலையும் அந்நகரம் அறிந்ததே: 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் ஆறு நாட்களில் 943 பேரை நிறுத்தினார்கள், அந்த ஆத்திரமும் சேர்ந்து வட்டாரமே கலவரத்தில் எரிந்தது.

இனி, 'பொதுச் சுகாதார வழி' என்று எல்லோரும் பிரஸ்தாபிக்கும் கிளாஸ்கோ முறையைப் பற்றிய தவறான எண்ணத்தைச் சற்று விரிவாகவே திருத்த விரும்புகிறேன். ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்ற அவப்பெயரை அந்நகரம் சுமந்துகொண்டிருந்த 2005ஆம் ஆண்டில், ஸ்ட்ராத்கிளைட் காவல் துறையில் ஜான் கார்னொகன் என்ற துப்பறியும் அதிகாரியும் கேரன் மக்ளஸ்கி என்ற பெண்மணியும் சேர்ந்து வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். வன்முறை தொற்றுநோய்போல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது, ஆகவே தடுக்கக்கூடியது என்பது அவர்கள் கொண்ட கோட்பாடு. இதைக் கேட்டு, கயவர்களுக்கு உபசாரம் செய்யும் முறை என்று நினைக்கிறவர்கள், அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் கத்தி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை இரண்டிலிருந்து நான்காண்டாகவும் பிறகு ஐந்தாண்டாகவும் உயர்த்தப்பட்டதை அறியமாட்டார்கள். 2008இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அனுபவத்தைப் பின்பற்றி, கூட்டங்களைச் சேர்ந்த இளைஞர்களைக் கிளாஸ்கோ நீதிமன்றத்துக்கே அழைத்து உட்காரவைத்தார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. உங்களில் ஒருவன் இனிக் கொன்றால் கூட்டம் முழுவதையும் பிடிப்போம் என்று காவல் அதிகாரி எழுந்து கூறினார். காயங்கள் எப்படிப்பட்டவை என்று மருத்துவர் விவரித்தார். தன் மகனுக்கு நேர்ந்ததை ஒரு தாய் எழுந்து சொன்னாள். காவலரின் மிரட்டலுக்கு அசையாத முகங்கள் அவள் பேசும்போது தாழ்ந்தன என்கிறார்கள். கடைசியில் ஒரு தொலைபேசி எண் தரப்பட்டது: வெளியேற விரும்புகிறவன் எந்நேரமும் கூப்பிடலாம், வேலையோ, படிப்போ, குடியை நிறுத்தச் சிகிச்சையோ தேடித் தரப்படும். அந்தக் கடுமையும் இந்தக் கதவும் ஒரே அறையில், ஒரே மணிநேரத்தில் இருந்தன என்பதே அதன் சிறப்பு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்திரும்புகிற அரசியல்வாதிகள் பாதி மருந்தைத்தான் எடுத்துச் செல்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் 2004-05இல் கொலையுண்டவர்கள் 130க்கு மேல், 2022-23இல் 52. காவலர் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அங்கே பள்ளிகள் முரட்டுப் பிள்ளையை வெளியேற்றுவதை ஏறக்குறைய நிறுத்தியேவிட்டன: 2018-19இல் அந்நாடு முழுவதிலும் நிரந்தரமாக நீக்கப்பட்ட மாணவர்கள் மூன்றே பேர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஏழாயிரத்துக்கும் மேல். இங்கிலாந்தின் ஜனத்தொகை பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் இந்த வித்தியாசம் திகைக்கவைக்கிறது. கெட்ட பிள்ளையை நீக்கினால் பள்ளி சுத்தமாகும் என்று நம்புகிறோம். நீக்கப்பட்ட பிள்ளை காலை ஒன்பது மணிக்கு எங்கே போகிறான் என்பதை, அவனுக்காகத் தெருவில் காத்திருப்பவன் மாத்திரம் அறிவான். மாலைப் பொழுதைக் கழிக்க இருந்த இடங்களும் அப்படியே பறிபோயின. 2010க்கும் 2019க்கும் இடையே இலண்டனில் இளைஞர் மன்றங்களில் சுமார் முப்பது சதவிகிதம் செலவைக் குறைக்க மூடப்பட்டன. அருகிலிருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகள் குற்றத்தில் விழுவது 14 சதவிகிதம் கூடியதாக நிதி ஆய்வு நிறுவனம் ஒன்று 2024இல் கணக்கிட்டது. ஒரு மேஜைப் பந்தாட்டப் பலகையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெரியவரும் இருந்த அறைகள் அவை.

கத்தியின் வடிவத்தைத் தடைசெய்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'ஜாம்பி' பாணிக் கத்திகளும் அதே பாணி வெட்டரிவாள்களும் 2024 செப்டம்பரிலும், நிஞ்ஜா வாள்கள் 2025 ஆகஸ்டிலும் தடைசெய்யப்பட்டன. பிள்ளைகளை மயக்கவே செய்யப்பட்ட அப்பொருள்கள் தொலைவது நல்லதே. ஆனால் கொலைகளில் மிகுதியாகப் பயன்படுவது சமையலறைக் கத்தி. அதன் முனையை மழுக்கிச் செய்யலாமே என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் 2005லேயே எழுதினார்கள். காய் நறுக்கக் கூர்முனை எதற்கு என்ற அவர்களின் கேள்விக்கு இன்னும் நேரான விடை கிடைக்கவில்லை.

பத்தாண்டில் கத்திக் குற்றத்தைப் பாதியாக்குவோம் என்று 2024இல் பதவிக்கு வந்த தொழிற்கட்சி சர்க்கார் வாக்களித்திருக்கிறது. அதற்கு முந்திய சர்க்கார் 2019இல் பல பிரதேசங்களில் கிளாஸ்கோவின் பெயரிலேயே வன்முறைக் குறைப்புப் பிரிவுகளை அமைத்தது. எது பலன் தருகிறது என்று ஆராய்ந்து உதவப் பத்தாண்டுக்கு இருபது கோடி பவுன் கொண்ட நிதி ஒன்றையும் ஏற்படுத்தியது. 2023 முதல் காவல், சுகாதாரம், தீயணைப்பு, நகராட்சி ஆகிய துறைகள் இதில் சேர்ந்து உழைப்பதைச் சட்டப்படி கடமையாக்கியது. ஆகவே சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்ற பேச்சும் உண்மையன்று. குறை, பிரிவுகளுக்கான பணத்தை ஆண்டுக்காண்டு எண்ணித் தந்ததில் இருந்தது. அடுத்த மார்ச்சில் வேலை இருக்குமோ இராதோ என்று அறியாத ஊழியர், ஒரு பையனிடம் இன்னும் மூன்றாண்டு உன்னோடு இருப்பேன் என்று எப்படிச் சொல்வார்?

கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், வன்முறைக் குறைப்புப் பிரிவு தொடங்கிப் பத்தாண்டு கழித்து, 2015இல்தான் 'நேவிகேட்டர்' எனப்படும் வழிகாட்டிகள் வாரக் கடைசி இரவுகளில் அமரத் தொடங்கினார்கள். அவர்களில் தாமே ஒரு காலத்தில் கத்தி ஏந்திச் சிறை கண்டவர்களும் உண்டு. தையல் போட்டு முடிந்தபின் மருத்துவர் அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். வாக்குமூலம் கிடைக்காத காவலரும் போய்விடுகிறார். பழி வாங்குவதா, வீட்டுக்குப் போவதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பையனின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேநீர் வேண்டுமா தம்பி என்று அவர்கள் கேட்கிறார்கள்.